முற்றத்து டியூப்லைட்டுக்கு வரும் பூச்சியும் மகள் கழுத்துக் கொப்புளமும்

கேள்வி: காரைக்குடி பக்கம் எங்கள் ஊர். பின்கட்டுக்கு அப்புறம் கண்மாய்ப் பாசன வயல்தான். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து இரவானால் முற்றத்து டியூப்லைட்டைச் சுற்றி, பெரிய எறும்பு மாதிரி சிவப்பும் கறுப்புமாக ஒரு பூச்சி வருகிறது. மகள் கழுத்தில் கோடு இழுத்தது போலக் கொப்புளம். அப்பத்தா அக்கி என்று காவி எழுதச் சொல்கிறார். வயலுக்கு மருந்து அடித்து இதை ஒழித்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து அடிக்காதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது பெடரஸ் என்ற வண்டு, ரோவ் வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. தலை கறுப்பு, கழுத்தும் வயிறும் ஆரஞ்சு, வால் நுனி மறுபடி கறுப்பு, நடுவில் நீலப்பச்சையாக மின்னும் குட்டைச் சிறகுறை, நீளம் ஒரு சென்டிமீட்டருக்குள்தான். அந்தக் குட்டை உறைக்குள்தான் முழுச் சிறகையும் மடித்து வைத்திருக்கிறது, அதனால் பார்த்தால் எறும்பு, வெளிச்சத்தைக் கண்டால் பறந்து வந்துவிடும். உலகில் ரோவ் வண்டுகள் 60,000 வகைக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் தோலைப் புண்ணாக்குவது இந்தச் சின்னக் கூட்டம் மட்டும்தான்.

இது கடிக்காது, கொட்டவும் கொட்டாது. கழுத்தில் ஊரும்போது நாம் தூக்கத்தில் தேய்த்து நசுக்கிவிடுகிறோம், அதன் உடல் நீரில் இருக்கும் பெடரின் என்ற நச்சு தோலில் இழுபடுகிறது, கோடு மாதிரி புண் வருவது அதனால்தான். எரிச்சல் தெரிய பெரும்பாலும் ஒரு நாள் ஆகிவிடும், அதற்குள் பூச்சியை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை, பழி அக்கிக்குப் போய்விடுகிறது. அந்த நச்சை வண்டு தானே செய்வதும் இல்லை. விதைநேர்த்திக்கு சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வாங்குகிறோமே, அதற்கு உறவான பாக்டீரியா ஒன்று பெண் வண்டின் உடலில் குடியிருந்து செய்து கொடுக்கிறது.

காவி வேண்டாம். பூச்சி நசுங்கியது தெரிந்தால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், போர்வை தலையணை உறையையும் துவைத்துவிடுங்கள். கொப்புளத்தைக் கிள்ளாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது, பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் ஆறும், கறுத்த தடம் மட்டும் கொஞ்ச நாள் நிற்கும். தேய்த்த கை கண்ணில் பட்டு வீங்கினால் மட்டும் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே கண் மருத்துவர்.

சரி, வயலுக்கு வருவோம். ராத்திரி உங்களைப் படுத்தும் இதே வண்டு பகலில் நெல் தூரில் ஏறி இறங்கி, பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையானையும் தத்துப்பூச்சியையும் அவற்றின் குஞ்சுகளையும் பிடித்துத் தின்கிறது. கண்டபடி மருந்து அடித்தால் முதலில் சாவது இதுவும் சிலந்தியும்தான், பிறகு தின்ன ஆள் இல்லாமல் புகையான் முன்பைவிட வேகமாகப் பெருகும். மருந்துக் கடையில் இதை யாரும் சொல்லமாட்டார்கள் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மாற்ற வேண்டியது விளக்கைத்தான். வெள்ளை டியூப்லைட்டை எடுத்துவிட்டு மஞ்சள் எல்இடி போடுங்கள், வயல் பக்கத்து ஜன்னலுக்குக் கொசுவலை அடியுங்கள், விளக்குக்கு நேர் கீழே பாய் விரிக்காதீர்கள். மேலே ஏறிவிட்டால் அடிக்காமல் ஊதித் தள்ளுங்கள், இல்லையென்றால் ஒரு காகிதத்தில் ஏற விட்டு வெளியே உதறுங்கள்.