பேவர் பிளாக்: சதுர அடி 78 ரூபாயா, 130 ரூபாயா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீடு. வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவே 20க்கு 15 அடி இடம் வெறும் மண்ணாகக் கிடக்கிறது. கார் நிற்கும், சாயங்காலம் நாற்காலி போட்டு உட்காருவோம். பேவர் பிளாக் போட இரண்டு பேரிடம் விலை கேட்டோம். ஒருவர் சதுர அடிக்கு 78 ரூபாய் என்கிறார், இன்னொருவர் 130. இருவரும் காட்டியது ஒரே 60 எம்.எம். கல்தான். ஏன் இவ்வளவு வித்தியாசம்? கையில் எவ்வளவு வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாம்? இரண்டு கொட்டேஷன்களையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: இரண்டிலும் கல்லின் விலை 48 ரூபாய்தான். முதலாமவர் அதோடு பதிக்கும் கூலி 18, டஸ்ட் (ஜல்லி உடைக்கும்போது வரும் கல்தூள்) 12 சேர்த்து 78 ஆக்கியிருக்கிறார். இரண்டாமவர் கணக்கில் பதிக்கும் கூலி 20, மண் வெட்டி அப்புறப்படுத்த 14, வெட் மிக்ஸ் ஜல்லி 30, படுகை மணல் 8, ஓரக்கல் 10 என்று வருகிறது. 300 சதுர அடிக்கு முதல் ஆள் 23,400 ரூபாய், இரண்டாவது ஆள் 39,000. இடையில் உள்ள 15,600 ரூபாய் ஏறக்குறைய முழுக்கக் கல்லுக்கு அடியிலும் ஓரத்திலும் போகிற பணம்.

முதல் கொட்டேஷனில் "தரையைச் சமன் செய்து 3 அங்குலம் டஸ்ட் விரித்து" என்று ஒரு வரி இருக்கிறது. அதைத்தான் கவனிக்க வேண்டும். கார் சக்கரம் ஒவ்வொன்றும் சுமார் 300 கிலோ பாரத்தை உள்ளங்கை அகல இடத்தில் இறக்குகிறது. அதைப் பரப்பி மண்ணுக்குக் கொடுக்க வேண்டியது ஜல்லிப் படுகை. டஸ்ட்டால் அது முடியாது. நனைந்தால் இளகி, சக்கரம் நிற்கும் இடத்திலிருந்து பக்கவாட்டில் விலகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிவதற்குள் டயர் தடம் இரண்டு வாய்க்காலாகத் தெரியும்.

அதனால் முடிந்த மட்டத்திலிருந்து கீழ்நோக்கிக் கணக்குப் போடுங்கள். கல் 60 எம்.எம்., அதன் கீழே மணல் 30, அதன் கீழே இறுகிய வெட் மிக்ஸ் 150. மொத்தம் 240 எம்.எம்., அதாவது ஒன்பதரை அங்குலம். முடிந்த மட்டத்திலிருந்து அவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும். 300 சதுர அடிக்கு ஏறக்குறைய 236 கன அடி மண் வரும். வெட்டியதும் பொதுமி 3 யூனிட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். (ஒரு யூனிட் 100 கன அடி.) தோட்டத்தில் மேடாக்க இடம் இருந்தால் அங்கே தள்ளுங்கள். வண்டி வைத்து வெளியே அனுப்பும் செலவில் பெரும்பகுதி மிச்சம். இந்த வேலையில் தரம் குறையாமல் காசு மிச்சம் பிடிக்கக்கூடிய இடம் இதுதான் என்பேன்.

வெட் மிக்ஸ் என்பது 40 எம்.எம். ஜல்லியிலிருந்து டஸ்ட் வரை எல்லா அளவும் கலந்து, ஈரத்தோடு வரும் கலவை. 6 அங்குலத்துக்கு இறுகிய நிலையில் 150 கன அடி. திமிசு போட்டால் (இடித்து இறுக்கினால்) அடங்கும் என்பதால் கால் பங்கு கூட்டி 2 யூனிட் சொல்லுங்கள். 6 அங்குலத்தையும் ஒரே தடவையில் கொட்டி மேலே மட்டும் வைப்ரேட்டர் (அதிர்ந்து இறுக்கும் மெஷின்) ஓட்டினால் அடிப்பாதி இளக்கமாகவே இருக்கும். 3 அங்குலம் விரித்து, தண்ணீர் தெளித்து, பிளேட் வைப்ரேட்டர் ஓட்டி, அப்புறம் அடுத்த 3 அங்குலம். கல் பதிக்கும் முன் நீங்களே அதன் மேல் நடந்து பாருங்கள். குதிகால் தடம் விழுந்தால் இன்னொரு முறை ஓட்டச் சொல்லுங்கள். கல் மூடிய பிறகு கேட்டுப் பயனில்லை.

படுகைக்கு எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) போடுங்கள். பூச்சு வேலைக்கான பி-சாண்ட் வேண்டாம், அது நைஸ், தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஒன்றரை அங்குலம் தளர்வாக விரித்தால் அடித்த பிறகு 30 எம்.எம்.முக்கு அடங்கும். அரை யூனிட் போதும், இடுக்கு நிரப்பவும் சேர்த்து. இடுக்குக்கான மணலைச் சலித்து, காயவைத்துத் தனியாக எடுத்து வையுங்கள்.

கல் எண்ணிக்கை வடிவத்தைப் பொறுத்தது. செங்கல் வடிவக் கல், 200க்கு 100 எம்.எம்., சதுர மீட்டருக்கு 50 பிடிக்கும். உங்கள் இடம் 27.9 சதுர மீட்டர், 1,395 கல். வெட்டுக்கும் உடைவுக்கும் 5 சதவீதம் கூட்டி 1,465 என்று சொல்லுங்கள். மீந்த கல்லைத் திருப்பிக் கொடுக்காமல் கொல்லையில் அடுக்கி வையுங்கள். பின்னால் ஒரு கல் உடைந்தால் அதே சாயலில் கிடைக்காது. ஜிக்ஜாக், ஐ வடிவம் என்றால் எண்ணிக்கை மாறும். கடைக்காரரிடம் "சதுர மீட்டருக்கு எத்தனை" என்று கேட்டு, ஒரு சதுர மீட்டரைத் தரையில் அடுக்கிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எடை பலருக்கும் நினைவில் வராது. 1,465 கல் சுமார் 4 டன். லாரி தெருவுக்குள் வராவிட்டால் அத்தனையும் தலைச்சுமை. இறக்குகூலி யார் தலையில் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். அதே போல சாக்கடைச் சேம்பர், சம்ப், தண்ணீர் மீட்டர் குழி மூடிகளைப் புது மட்டத்துக்கு ஏற்றி இறக்குவதும் இரண்டு கொட்டேஷனிலும் இல்லை. கல் வெட்டும் கூலி அடக்கமா என்பதும் இல்லை. ஓரக்கல்லைச் சிலர் சதுர அடியில் சேர்க்காமல் ஓடும் அடிக்குத் தனியாகப் போடுவார்கள். உங்கள் இரண்டாமவர் உள்ளே சேர்த்திருக்கிறார், நல்லது. வீட்டுச் சுவரும் காம்பவுண்டும் தாங்கும் பக்கங்களில் ஓரக்கல் தேவையில்லை. கேட் பக்கமும் தோட்டப் பக்கமும் கட்டாயம் வேண்டும், கான்கிரீட்டில் ஊன்றி. அது இல்லாவிட்டால் ஓர வரிசை வெளியே நகரும், பின்னாலேயே உள் வரிசைகளின் இடுக்கு விரியும்.

ஆக, 39,000 ரூபாயோடு எதிர்பாராத செலவுக்கு 10 சதவீதம், கிட்டத்தட்ட 43,000. இறக்குகூலியும் சேம்பர் வேலையும் அதற்கு மேல். பணம் முட்டுகிறது என்றால் கலர் கல்லை விட்டு சாம்பல் நிறத்துக்கு வாருங்கள். இல்லையேல் கார் நிற்கும் பகுதியை மட்டும் இப்போது போட்டு ஓரக்கல் ஊன்றி நிறுத்துங்கள். ஜல்லியில் மட்டும் கை வைக்காதீர்கள். கடைசி 10 சதவீதத்தை ஒரு நல்ல மழை பெய்து, தண்ணீர் எங்கும் தேங்கவில்லை என்று பார்த்த பிறகு கொடுப்பதாக முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: புதுச்சேரி லாஸ்பேட்டை. பேவர் பதித்து 2 வருடம். கேட்டிலிருந்து வீட்டை நோக்கி ஒரு கோடாக, ஓர் அடி அகலத்துக்குத் தரை இறங்கியிருக்கிறது. மற்ற இடம் நன்றாக இருக்கிறது. எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். நேர்கோடாக, குறுகலாக இறங்கினால் அதன் கீழே குழாய்ப் பள்ளம் இருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். குழாய் போட்டவர்கள் வெட்டிய மண்ணை அப்படியே தள்ளி மூடியிருப்பார்கள். அது மழையில் மெல்ல அடங்கும். முதலில் வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டர் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் கசிவு, பிளம்பர் வந்த பிறகுதான் தரை.

கசிவு இல்லையென்றால், இறங்கிய கோட்டுக்கு இருபுறமும் 2 அடி வரை கல்லை எடுங்கள். முதல் கல்லை எடுப்பதுதான் சிரமம். இரண்டு தட்டையான ஸ்க்ரூடிரைவரை எதிரெதிர் இடுக்கில் விட்டு மாறி மாறி நெம்புங்கள். மற்றவை கையோடு வரும். மணலையும் ஜல்லியையும் வழித்து எடுத்துவிட்டு, பள்ளத்தின் இளகிய மண்ணை வெட்டி, 4 அங்குலத்துக்கு ஒரு தடவை தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு மேலே வாருங்கள். குழாய்க்கு நேர் மேலே கைத்திமிசு மட்டும். பிறகு வெட் மிக்ஸ், மணல், அதே கல். கல் செலவு அநேகமாக இல்லை. கூலியும் கால் யூனிட் கலவையும்தான்.

செய்யக் கூடாதது ஒன்று: கல்லைத் தூக்கிக் கீழே மணலை மட்டும் கொட்டி மட்டம் தூக்குவது. ஒரு நாள் வேலை, பார்க்க அழகாக இருக்கும், அடுத்த மழைக்கு அதே இடம் அதே ஆழத்துக்கு இறங்கும்.

கேள்வி: பாகூர் பக்கம் எங்கள் நிலம் களிமண். வெயிலில் வெடிக்கும், மழையில் சேறு. அதே 6 அங்குல ஜல்லி போதுமா?

பதில்: போதாது. களிமண் நனைந்து இளகினால் ஜல்லி அதற்குள் அமிழும், சேறு ஜல்லிக்குள் ஏறும். மண்ணை இன்னும் 6 அங்குலம் அதிகமாக வெட்டி, நெய்யாத வகை ஜியோ டெக்ஸ்டைல் துணியை (மண்ணையும் ஜல்லியையும் கலக்க விடாமல் பிரிக்கும் துணி) விரித்து, அதன் மேல் செம்மண் கிராவல் இறுக்கி, பிறகு வெட் மிக்ஸுக்கு வாருங்கள். துணி ஒன்றன் மேல் ஒன்று ஓர் அடியாவது ஏறி நிற்க வேண்டும். சேறாக இருக்கும்போது வைப்ரேட்டர் ஓட்டினால் அடியிலுள்ள தண்ணீரை மேலே இழுக்கும், தரை ரப்பர் போலத் துள்ளும். பங்குனி முதல் ஆடி வரை செய்து முடித்துவிடுங்கள்.

கேள்வி: புல் முளைக்காமல் இருக்க இடுக்கில் சிமெண்ட் பால் ஊற்றச் சொல்கிறார் மேஸ்திரி. செய்யலாமா? (திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: செய்யாதீர்கள். பேவர் தரை சிறிது அசைந்து கொடுக்கும், அதனால்தான் வெடிப்பதில்லை. சிமெண்ட் அசையாது. முதல் கோடையிலேயே மயிரிழை விரிசல் விடும், அதன் வழியே தண்ணீர் போகும், வெளியே வர வழியிருக்காது. பின்னால் குழாய் வேலைக்குக் கல்லைப் பெயர்த்தால் ஓரம் உடைந்துதான் வரும். கல் முகத்தில் படியும் சிமெண்ட் கறையும் போகாது.

புல் பெரும்பாலும் கீழிருந்து வருவதில்லை. காற்றில் வந்து விழும் விதை, இடுக்கில் தங்கும் தூசியில் முளைக்கிறது. இடுக்கு 2 முதல் 4 எம்.எம். இருக்கட்டும். காய்ந்த மணலைப் பெருக்கி நிரப்பி, வைப்ரேட்டர் ஓட்டி, மறுபடி பெருக்கி மறுபடி ஓட்ட வேண்டும். ஒரு தடவையோடு நிறுத்தினால் மேலே நிறைந்தது போலத் தெரியும், பாதி ஆழம் காலி. முதல் மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை நிரப்புங்கள். எறும்பு மணலைத் தள்ளியிருந்தால் அங்கேயும்.

கேள்வி: பளபளக்கும் கல் 10 ரூபாய் கூடுதல். வாங்கலாமா? நல்ல கல்லை எப்படிக் கண்டுபிடிப்பது? (அரியாங்குப்பம்)

பதில்: பளபளப்பு ரப்பர் மோல்டில் வார்ப்பதால் வருவது. மழையில் வழுக்கும், வயதானவர்கள் நடக்கிற வாசலில் வேண்டாம். சொரசொரப்பான மேல்முகம் கொண்ட, மெஷினில் அழுத்திய கல் போதும். பேவர் கல்லுக்கென 2006இல் வந்த ஐ.எஸ். 15658 என்ற இந்தியத் தர விதி சொன்னபடி நடக்க மட்டும் என்றால் 50 எம்.எம்., எம்-30; கார் ஏறும் என்றால் 60 எம்.எம்., எம்-35 (எம் எண் கான்கிரீட்டின் வலிமையைக் குறிக்கும்).

வீட்டிலேயே ஒரு சோதனை: வெயிலில் இரண்டு நாள் காய்ந்த மூன்று கல்லை மளிகைக்கடைத் தராசில் நிறுத்து எழுதுங்கள். 24 மணி நேரம் வாளியில் மூழ்க வைத்து, ஈரத்துணியால் துடைத்து மறுபடி நிறுங்கள். 2.8 கிலோ கல் 170 கிராமுக்கு மேல் தண்ணீர் குடித்தால், அதாவது 6 சதவீதம் தாண்டினால், அந்த லோடு வேண்டாம். லேப் அறிக்கைக்கு இது ஈடாகாது, ஆனால் மோசமான கல் இதிலேயே மாட்டிவிடும். இரண்டு கல்லை மோதினால் கணீரென்று கேட்க வேண்டும். வார்த்த தேதியைக் கேளுங்கள். 28 நாள் ஆகாத கல்லை வண்டியில் ஏற்ற விடாதீர்கள்.

கடற்கரை ஊர் என்பதால் இன்னொன்று. கடற்கரை மணல் சும்மா கிடைக்கிறது என்று படுகைக்குப் போடுபவர்கள் உண்டு. அதிலுள்ள உப்பு ஈரத்தோடு ஏறிக் கல் முகத்தில் வெள்ளை பூக்கும். புதுக் கல்லிலேயே லேசாகப் பூக்கும் சுண்ணாம்பு வேறு. அது மழையிலும் துடைப்பத்திலும் சில மாதத்தில் போய்விடும்.

கேள்வி: பேவர் போட்டால் மழைநீர் இடுக்கு வழியாகப் பூமிக்குள் போய்விடும், வாட்டம் (தண்ணீர் ஓடச் சரிவு) வேண்டாம் என்கிறார்கள். உண்மையா? (நெல்லிக்குப்பம்)

பதில்: இல்லை. இறுக்கிய ஜல்லி மேல் பதித்த சாதாரணப் பேவரில் கொஞ்சம்தான் இறங்கும். புயல் மழை ஒரே ராத்திரியில் கொட்டும்போது அந்தக் கொஞ்சத்தை நம்ப முடியாது. 5 அடிக்கு ஓர் அங்குலம் வாட்டம், வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக. வாட்டத்தை வெட் மிக்ஸ் மட்டத்திலேயே கொண்டுவர வேண்டும். மணலைத் தடிமனாக்கி வாட்டம் கொடுத்தால் அந்த ஓரம் இறங்கும். 15 அடிக்கு 3 அங்குலம் வருகிறது. ட்யூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய குழாய்) வைத்து நூல் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் மண் வெட்ட வேண்டும்.

தண்ணீர் போய்ச் சேரும் இடத்தையும் பாருங்கள். தெரு ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் உயர்கிறது. உங்கள் கேட் மட்டம் ஏற்கெனவே தெருவை விடத் தாழ்வாக இருந்தால், வாட்டத்தைத் தெருப் பக்கம் கொடுத்துப் பயனில்லை; உள்ளேயே ஜல்லி நிரப்பிய மழைநீர்க் குழிக்குத் திருப்புங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் குழி அநேகமாக ஏற்கெனவே இருக்கும். அதைத் தூர் வாரிவிட்டு, மூடியைப் புது மட்டத்துக்கு ஏற்றுங்கள். தெருவை எட்டிப் பிடிக்க முற்றத்தை உயர்த்துகிறேன் என்று பேவரை வீட்டுத் தளத்துக்குச் சமமாகக் கொண்டுவராதீர்கள். சுவரில் ஈரத்தடுப்புப் பட்டைக்கு 6 அங்குலம் கீழேயே தரை நிற்கட்டும். மேலே ஏறினால் ஈரம் சுவருக்குள் போகும், உள்ளே பெயிண்ட் உதிரும்.