வீட்டிலேயே தபால் கட்டண லேபிளை அச்சடித்து ஒட்டிவிட்டால் போதாதா? தபால் ஆபீஸ் கவுண்டரில் ஏன் நிற்க வேண்டும்?

குன்னூரிலிருந்து வர்க்கி பிஸ்கட், சாக்லேட், யூகலிப்டஸ் தைலம் மூன்றையும் ஆன்லைனில் விற்கப் போவதாகவும், அமெரிக்காவில் செய்வதுபோல வீட்டிலேயே லேபிள் எடுத்து ஒட்டிவிட்டால் அலைச்சல் மிச்சம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நானும் இதே மலையில், கோத்தகிரிப் பக்கத்திலிருந்து டீத்தூள் பார்சல் அனுப்புகிறவள். பச்சைத் தேயிலைக்குக் கட்டுபடியான விலை கிடைக்காமல்தான் பாக்கெட் போட்டு விற்க ஆரம்பித்தோம். அதனால் உங்கள் அவசரம் எனக்குப் புரிகிறது. லேபிளை வீட்டில் எடுங்கள், தப்பே இல்லை. ஆனால் கவுண்டரை விட்டுவிடாதீர்கள்.

முதலில் அமெரிக்கக் கதை. என் அக்கா நியூஜெர்சியில் இருக்கிறாள். ஸ்டாம்ப்ஸ்.காம் மாதிரித் தளங்களுக்கு அந்த நாட்டுத் தபால் துறை 1999-லேயே அனுமதி கொடுத்துவிட்டது. சமையலறைத் தராசில் எடை பார்த்து, விலாசம் அடித்து, பணம் கட்டினால் பிரிண்டரில் லேபிள் வரும். அந்த லேபிள்தான் ஸ்டாம்ப். வாசலில் வைத்தால் போஸ்ட்மேனே எடுத்துக்கொண்டு போய்விடுவார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே பார்சல் போகிற வழியில் மெஷின் எடையையும் அளவையும் சரிபார்க்கிறது. குறைத்துக் காட்டியிருந்தால் மீதிப் பணத்தைக் கணக்கில் பிடித்துக்கொள்கிறார்கள். அதாவது நீங்கள் சொன்ன எடையை இன்னொருவர் சோதிக்கிறார். இங்கே நமக்கு அந்த வேலையைச் செய்வது கவுண்டர்.

நம் ஊரில் ஸ்டாம்பை வீட்டில் அச்சடிக்க முடியாது. பெரிய ஆபீஸ்கள் உரிமம் வாங்கி, ஸ்டாம்புக்குப் பதிலாகக் கட்டண முத்திரை அடிக்கிற ஃபிராங்கிங் மெஷின் வைத்துக்கொள்ளும், நமக்கு அது தேவையில்லை. ஆனால் அஞ்சல் துறை இணையத்திலேயே பதிவு செய்து, பணம் கட்டி, பார்சல் லேபிள் எடுக்கும் வசதியைக் கொண்டுவந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து எடுத்துப்போவது உங்கள் பின்கோடுக்கு உண்டா என்று தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ரிஜிஸ்டர் தபால் எங்கே போனது என்று தேடாதீர்கள், 2025 செப்டம்பர் 1 முதல் அதை ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள்.

இப்போது நான் ஏன் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன் என்று சொல்கிறேன்.

சென்னையில் ஒருவர் கால் கிலோ பாக்கெட் இரண்டு ஆர்டர் கொடுத்தார். அனுப்பினோம். டெலிவரி ஆன மறுநாள் ஒரு குரூப்பில் எங்கள் பேரைப் போட்டு, அரைக் கிலோவுக்குக் காசு வாங்கிக்கொண்டு ஒரே பாக்கெட்தான் வைத்திருக்கிறார்கள் என்று எழுதிவிட்டார். கீழே வரிசையாகக் கமெண்ட். "மலைக்காரங்க டூரிஸ்ட்டை ஏமாத்தியே பழகினவங்க" என்று ஒருவர். விடிவதற்குள் போய் இலை கிள்ளுகிற குடும்பம் நாங்கள். அதைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

வீட்டில் எடுத்த லேபிளில் எடை 600 கிராம் என்று இருந்தது. ஆனால் அது நானே டைப் செய்த எண். அதைக் காட்டி எதை நிரூபிப்பது? தபால் ஆபீஸ் ரசீதைத் தேடி எடுத்தேன். பெட்டியைக் கவுண்டர் தராசில் வைத்து, அவர்கள் பதிந்த எடை: 585 கிராம். காலிப் பெட்டியும் உள்ளே வைக்கிற காகிதமும் சேர்ந்து 80 கிராம் வரும். அதே மாதிரி ஒரு காலிப் பெட்டியைத் தராசில் வைத்துப் படம் எடுத்து, ரசீதையும் பக்கத்தில் வைத்துப் போட்டேன். ஒரு பாக்கெட் மட்டும் இருந்தால் 585 எப்படி வரும்? அடுத்த நாள் அந்தப் பதிவு காணாமல் போனது. அவர் வீட்டில் யாரோ ஒரு பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்களாம். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவர் எழுதவில்லை. கமெண்ட் போட்டவர்களும் எழுதவில்லை.

அதனால், வீட்டுக்கே வந்து எடுத்துப்போனாலும் எடை போட்ட ரசீது கையில் வரட்டும். விலை கூடின ஆர்டர் என்றால் ஓ.டி.பி. சொன்னால்தான் டெலிவரி என்ற வசதி இருக்கிறது. ஐந்து ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான், போட்டுவிடுங்கள்.

தபால் துறைக்குக் கொடி பிடிக்கிறாள் என்று சிலர் வருவார்கள். தாமதமான பார்சல்கள் எனக்கும் உண்டு, அதற்குப் புகாரும் கொடுத்திருக்கிறேன். ஆனால் எங்கள் ஊருக்குத் தனியார் கூரியர் வருவதே இல்லை. டவுனுக்கு வந்து வாங்கிக்கொள் என்று போன் பண்ணுவார்கள். மேடேறி வீட்டுக்கு வருவது போஸ்ட்மேன் மட்டும்தான். டவுனில் நாலு கூரியர் ஆபீஸ் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வேறு அனுபவம் இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை.

லேபிள் விஷயத்தில் ஒன்று. கூடலூருக்கு ஆடி மழை என்றால் எங்கள் பக்கம் ஐப்பசி மழை, குன்னூருக்கும் அப்படித்தான். பிரவுசிங் சென்டரில் இங்க்ஜெட்டில் எடுத்துக் கொடுத்த லேபிள் பஸ்ஸில் வருவதற்குள் பனியிலேயே ஊறி, பார்கோடு கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஸ்கேனர் படிக்கவில்லை. கவுண்டரில் இருந்த அம்மா பதிமூன்று எழுத்தையும் எண்ணையும் கையால் அடித்துவிட்டு, "இனிமே லேசர்ல எடுங்கம்மா, மழைக்குத் தாங்கும்" என்றார். அன்றிலிருந்து லேசர்தான். விலாசத்தின் மேல் டேப் ஒட்டலாம், பார்கோடு மேல் வேண்டாம். பளபளப்பில் ஸ்கேன் தடுமாறும்.

வெளிநாட்டுக்கு விற்பதாக இருந்தால் டாக் கர் நிர்யாத் கேந்திராவில், அதாவது தபால் துறையின் ஏற்றுமதி மையத்தில், பதிவு செய்துகொள்ளுங்கள். ஏற்றுமதி எண் வாங்க வேண்டும். அதன்பின் சுங்கத்துக்கான பில்லையும் லேபிளையும் வீட்டிலிருந்தே தயார் செய்யலாம். நீங்கள் கேட்பதற்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பது இதுதான். ஆனால் அமெரிக்காவை மட்டும் நம்பித் தொழில் தொடங்காதீர்கள். வரி மாற்றத்தால் 2025 ஆகஸ்ட் கடைசியில் அங்கே பார்சல் போவதே நின்று, அக்டோபர் நடுவில்தான் மறுபடி எடுத்தார்கள்.

அப்புறம் தைலம். லேபிள் தளத்தில் நீங்கள் என்ன டைப் செய்தாலும் அச்சடித்துக் கொடுத்துவிடும். ஆனால் தைலம் தீப்பற்றும் திரவம், வெளிநாட்டுத் தபாலில் போகாது. உள்நாட்டிலும் விமானத்தில் ஏறுகிற பையில் அதை வைப்பது ஆபத்து. இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் மாமனார் கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலையைக் கொப்பரையில் போட்டு, ராத்திரி முழுக்கத் தீ தள்ளித் தைலம் காய்ச்சியவர். சொட்டுச் சொட்டாகத் தண்ணீரோடு விழுந்து, மேலே மிதக்கிற எண்ணெயைக் கரண்டியால் வழித்து எடுப்பார். இன்றைக்கு ரோட்டோரத்தில் ஊட்டித் தைலம் என்று விற்கிற பாட்டில்களில் பாதியைத் திறந்தால் மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறது. மலை பேரைக் கெடுப்பது அதுதான். அதைக் கேட்பாரில்லை, இரண்டு பாக்கெட் டீக்கு எங்களைத் திருடர்கள் என்றார்கள். யாரிடமிருந்து தைலம் வாங்குகிறீர்கள் என்று தெரியாமல் உங்கள் பேரில் விற்காதீர்கள்.

இப்போதைக்குத் தைலத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். சாக்லேட்டை சித்திரை, வைகாசியில் சமவெளிக்கு அனுப்ப வேண்டாம், உருகிவிடும். வர்க்கியை மூடி இறுகின டப்பாவில் போட்டு, இடைவெளியில் காகிதம் திணித்து அனுப்புங்கள். வெறும் கவரில் போட்டால் மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் தூளாகிவிடும்.