நாற்பதாம் நாளுக்கு மறுநாள்

கேள்வி: என் வயது 54. நாசரேத் பக்கம் ஒரு கிராமச் சபை. சேகர கமிட்டியில் (சபை நிர்வாகக் குழுவில்) இருக்கிறேன், ஓய்வுநாள் பள்ளியும் நடத்துகிறேன். போன அசனத்தில் (சபை விருந்தில்), பந்தியில் எல்லாரும் பார்க்க என் தங்கை என்னை "மாய்மாலக்காரன்" என்று சொல்லிவிட்டாள். அதன் பிறகு பேச்சே இல்லை. எங்களுக்குள் சொத்துத் தகராறு எதுவும் கிடையாது. அப்பா உயில் எழுதாமல் இறந்தார். ஒன்பது சென்ட் மனை, வீடு, முன்னால் இரண்டு கடை (வாடகை மாதம் 6,000). ஆறு வருடத்துக்கு முன்பு, நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு மறுநாளே அம்மாவும் அவளும் தங்கள் பங்கை எனக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தந்துவிட்டார்கள். கல்யாணத்தில் அவளுக்கு 40 பவுன் போட்டாயிற்று. அம்மா என்னோடுதான் இருக்கிறார்கள். நான் அவளை மனதார மன்னித்துவிட்டேன். ஆனாலும் திருவிருந்தில் முழங்கால்படியிட்டால் மனது உறுத்துகிறது. இந்தக் கசப்பு நீங்க என்ன வழி?

பதில்: சகோதரரே, "மறுநாளே" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டியது அந்த ஒரு சொல்தான்.

அப்பாவை அடக்கம் பண்ணி நாற்பது நாள். தங்கை ஜெபத்துக்கு வந்திருக்கிறாள், அழுத கண் இன்னும் வற்றவில்லை. அடுத்த நாள் காலையில் அவளையும், கணவனை இழந்த அம்மாவையும் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போய்க் கைரேகை வைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் எந்தத் தங்கை "அண்ணே, என் பங்கு என்ன?" என்று கேட்பாள்? கேட்டால் ஊர் அவளைத்தானே ஏசும்? தகராறு இல்லை என்கிறீர்கள். தகராறு பண்ண அவளுக்கு இடமே கொடுக்கவில்லை என்பதுதான் நடந்தது.

கணக்கைப் பார்ப்போம். கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் வருடத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான். உயில் இல்லாவிட்டால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. மகன், மகள் என்ற பேதம் அதில் இல்லை. ஒன்பது சென்டில் அம்மாவுக்கு மூன்று, உங்களுக்கு மூன்று, தங்கைக்கு மூன்று. நாற்பது பவுனைச் சொல்லிக் கழிக்கவும் முடியாது. தகப்பன் உயிரோடிருந்தபோது பிள்ளைக்குக் கொடுத்ததைப் பங்கில் கழிக்கக்கூடாது என்று அதே சட்டத்தின் 49ஆம் பிரிவு சொல்கிறது. அவளாக மனமுவந்து விட்டுக்கொடுத்திருந்தால் சட்டம் குறுக்கே நிற்காது. அப்படி மனமுவந்து கொடுத்தவள் அசனப் பந்தியில் அந்தச் சொல்லைச் சொல்லமாட்டாள்.

உங்களை உறுத்துவது கசப்பு என்று நினைக்கிறீர்கள். எனக்கு அது கடன் என்று படுகிறது. ஆராதனையில் கர்த்தருடைய ஜெபத்தில் "குற்றங்களை" என்று சொல்லிப் பழகிவிட்டோம். மத்தேயு 6:12ஐத் திறந்து பாருங்கள், "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்றிருக்கும். மத்தேயு 5:23ஐயும் நிதானமாக வாசியுங்கள். "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவுவந்தால் என்கிறார் இயேசு. காணிக்கையை வைத்துவிட்டு எழுந்து போகவேண்டியவன், யார்மேல் குறை இருக்கிறதோ அவன். நீங்களோ மன்னிக்கிறவர் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டீர்கள். மன்னிப்புக் கேட்கவேண்டியவர் "மன்னித்துவிட்டேன்" என்று சொல்வதற்குத்தான் உங்கள் தங்கை அந்தப் பேர் வைத்தாள்.

அந்த வார்த்தையைப் பந்தியில் வைத்துச் சொன்னது தப்புதான். தனித்திருக்கும்போது உணர்த்து என்றே மத்தேயு 18:15 சொல்கிறது. ஆனால் அதை அவளுக்கு எடுத்துச் சொல்லும் தகுதி இப்போது உங்களுக்கு இல்லை. "மாயக்காரராகிய" (மாய்மாலக்காரராகிய) என்று தொடங்கும் மத்தேயு 23:14இல், நீண்ட ஜெபத்தோடு சேர்த்து இயேசு சொல்லும் குற்றம் எது தெரியுமா? விதவைகளின் வீடுகளைப் பட்சிப்பது. உங்கள் அம்மாவின் மூன்று சென்டும் இன்று உங்கள் பேரில் இருக்கிறது. தாய்க்குச் சோறு போடுகிற மகன் தாயின் பங்கை எழுதி வாங்கக்கூடாது. வயதான காலத்தில் அவர்கள் கையில் சொந்தமாக ஏதாவது இருக்கவேண்டும், மகன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும்.

இனி செய்யவேண்டியது. முதலில் உங்கள் வீட்டம்மாவிடமும் பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள். இந்த மாதிரிக் காரியங்கள் பாதியில் நிற்பது பெரும்பாலும் அங்கேதான். பிறகு பத்திரம் எழுதுகிறவரைப் பார்த்து, தங்கை பேருக்கு மூன்று சென்ட், அம்மா பேருக்கு மூன்று சென்ட் என்று செட்டில்மென்ட் (குடும்பத்தாருக்கு எழுதிக் கொடுக்கும்) பத்திர வரைவு தயார் பண்ணுங்கள். பழைய விடுதலைப் பத்திரத்தை ரத்து பண்ண அலையவேண்டாம், இடம் உங்கள் பேரில் இருப்பதால் நீங்களே எழுதிக் கொடுக்கலாம். பதிந்தபின் உட்பிரிவு செய்து பட்டாவும் மாற்றவேண்டும். அதை விட்டுவிட்டால் நாளைக்கு உங்கள் பிள்ளைகளும் அவள் பிள்ளைகளும் மோதுவார்கள். வீடு நடுவில் இருந்து மனையைப் பிரிக்க முடியாவிட்டால், அவள் பங்குக்குப் பணமாகக் கொடுங்கள். அரசாங்க வழிகாட்டி மதிப்பைப் பிடித்துக்கொள்ளாதீர்கள், பக்கத்து மனை இன்று என்ன விலைக்குப் போகிறதோ அதுதான் கணக்கு.

வாடகை தனி. ஆறு வருடத்துக்கு 4,32,000. தங்கையின் மூன்றில் ஒன்று 1,44,000. எண்ணாகமம் 5:7 முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டித் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறது, அது 28,800. ஆக 1,72,800. அம்மாவுக்கும் அதே தொகை, அவர்கள் பேரிலேயே வங்கியில் போடுங்கள். வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக (நாலு மடங்காக) திரும்பக் கொடுக்கிறேன் என்று இயேசுவிடம் சொன்னான். அவனோடு பார்த்தால் இது குறைவுதான். மொத்தமாக இல்லையென்றால் தவணையாகக் கொடுங்கள், தேதியை மட்டும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இதெல்லாம் கையில் இருக்கும்போது தங்கை வீட்டுக்குப் போங்கள். மச்சானிடம் முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்லிவிட்டுப் போங்கள். ஐயரவர்களை (சபை போதகரை) கூட்டிப் போகாதீர்கள், அவர் முன்னால் அவளால் மனம்விட்டுத் திட்டமுடியாது. அவள் திட்டவேண்டும். வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்பி ஆழம் பார்க்காதீர்கள். "ஏதாவது மனவருத்தம் இருந்தால் மன்னித்துக்கொள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "இருந்தால்" என்ற சொல் வந்ததும் அவள் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள். "அப்பா போன துக்கத்தில் இருந்த உன்னைக் கூட்டிப்போய்க் கையெழுத்து வாங்கினேன். அது தப்பு" என்று சொல்லுங்கள். அசனத்து வார்த்தையை அன்றைக்கு எடுக்கவே கூடாது. அன்றே மன்னிக்கவேண்டும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். ஆறு வருடம் அவள் சுமந்தது ஒரு காப்பியில் இறங்காது. அவள் கதவைத் திறக்காவிட்டாலும் பத்திரத்தைப் பதியுங்கள், பணத்தைக் கட்டுங்கள். அது அவள் மன்னிப்புக்கு விலை அல்ல, அவளுடைய சொத்து.

அம்மாவையும் அன்றைக்குக் கூட்டிப் போகவேண்டாம். அம்மா அழுதால் உங்கள் தங்கை எதற்கும் சரி என்று சொல்லிவிடுவாள், ஆறு வருடத்துக்கு முன்பு சொன்னதுபோலவே.