மண் ஒட்டிய ரோமானியக் காசு வாங்கலாமா?

கேள்வி: லண்டனில் இருக்கிறேன். 'சுத்தம் செய்யாத ரோமானியக் காசுகள், தங்கம்கூட இருக்கலாம்' என்று ஆன்லைனில் பார்த்து 20 காசு கொண்ட பொட்டலம் ஒன்று வாங்கினேன். எல்லாம் மண்கட்டி. ஒன்றில் மட்டும் இரண்டு சிப்பாய்கள் மங்கலாகத் தெரிகிறார்கள். விற்றவர் இயேசு காலத்துக் காசு என்கிறார். ஏமாந்துவிட்டேனா? எப்படிச் சுத்தம் செய்வது?

பதில்: பாதி ஏமாந்திருக்கிறீர்கள். காசு பெரும்பாலும் அசலாகத்தான் இருக்கும், ஏனென்றால் இவ்வளவு மலிவான காசைப் போலியாகச் செய்து மண்ணும் பூசுவதில் யாருக்கும் பெரிய லாபம் இல்லை, கதைதான் பொய். தங்கம் எத்தனை நூற்றாண்டு மண்ணில் கிடந்தாலும் மஞ்சளாகவே மின்னும், பொட்டலம் கட்டியவர் கண்ணில் அது படாமலா உங்களுக்கு வந்து சேரும்? நல்ல காசுகளை அநேகமாக முன்பே பொறுக்கி எடுத்திருப்பார்கள்.

சரி, அந்தச் சிப்பாய் காசுக்கு வருவோம். ஈட்டியும் கேடயமுமாக இருவர் நிற்க, நடுவில் படைக்கொடி, சுற்றிலும் 'குளோரியா எக்ஸெர்சிடஸ்', அதாவது படையின் பெருமை என்ற எழுத்து இருந்தால் அது கான்ஸ்டன்டைன் பேரரசரும் அவர் மகன்களும் வெளியிட்ட வகை. 330ஆம் ஆண்டு தொடங்கியது. கொடி இரண்டு இருந்தால் முந்தையது, ஒன்றே இருந்தால் சுமார் 335க்குப் பிந்தையது, காசும் சிறுத்திருக்கும். எப்படிப் பார்த்தாலும் இயேசுவுக்கு 300 வருஷம் தள்ளி.

தலைப் பக்கத்தில் இருப்பது யார் என்பதில்தான் தலைவலி. அப்பா கான்ஸ்டன்டைன், மகன்கள் கான்ஸ்டன்டைன், கான்ஸ்டான்டியஸ், கான்ஸ்டன்ஸ், வீட்டில் எப்படித்தான் கூப்பிட்டார்களோ தெரியாது. அதனால் பெயரை விட்டுவிட்டு எழுத்தின் கடைசியைப் பாருங்கள்: 'ஆக்' (AVG) என்று முடிந்தால் பேரரசர், 'நோப் சி' (NOB C) என்று முடிந்தால் இளவரசர். அப்புறம் சிப்பாய்களின் காலடியில் ஒரு கோடு இருக்கும், அதன் கீழே உள்ள எழுத்துகள்தான் காசு அடித்த ஊர். 'எஸ்எம்ஏஎன்' என்றால் இன்றைய துருக்கியில் இருக்கும் அந்தியோக்கியா, 'டிஆர்' என்றால் ஜெர்மனியில் இருக்கும் டிரியர். 'கான்ஸ்' (CONS) வந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். 'கான்ஸ்' என்று எழுதி அதன் பின்னால் ஓர் எழுத்து வந்தால் கான்ஸ்டான்டிநோப்பிள், அதாவது இன்றைய இஸ்தான்புல், 'கான்ஸ்ட்' (CONST) என்று எழுதி முன்னால் 'பி' அல்லது 'எஸ்' வந்தால் அது பிரான்சில் இருக்கும் ஆர்ல். விற்பவர்களே இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

சுத்தம் செய்யக் காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு, சில நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றி, பல்குத்தும் குச்சியால் பூதக்கண்ணாடி வைத்து மெதுவாகச் சுரண்டுங்கள். வாரக்கணக்கில் ஆகும். குத்துவிளக்குத் தேய்க்கிற மாதிரி புளி, எலுமிச்சை, வினிகர் பக்கம் மட்டும் போகாதீர்கள். பச்சையோ கறுப்போ மேலே படிந்த பூச்சில்தான் எழுத்தே நிற்கிறது, அது போனால் வெறும் செம்புத் துண்டு. வெளிர்பச்சைத் தூள் உதிர்கிற காசு இருந்தால் உடனே தனியாக எடுத்து உலர்ந்த இடத்தில் வையுங்கள், அதுதான் வெண்கல நோய், உப்பும் ஈரமும் சேர்ந்து உலோகத்தைத் தின்பது.

அடுத்த தடவை பொட்டலம் வேண்டாம். இரு பக்கப் படம், விட்டம், எடை, அரசர் பெயர், அடித்த ஊர் இவ்வளவும் போட்டு, பொய்யென்றால் பணம் திரும்பத் தருகிறேன் என்று எழுதியவரிடம் ஒற்றைக் காசாக வாங்குங்கள்.

கேள்வி: கரூரில் ஒருவர், அமராவதி ஆற்றில் கிடைத்த ரோமானியச் செம்புக் காசு என்று காட்டினார். வாங்கி வெளிநாட்டுக்குக் கொண்டுபோகலாமா?

பதில்: அமராவதியில் கிடைப்பது உண்மைதான், மதுரை வைகையிலும் கிடைத்திருக்கிறது. பல காசுகள் தேய்ந்து வழவழவென்று இருக்கும். எழுத்து கோணல்மாணலாக இருந்தாலே போலி என்று தள்ளிவிடவும் முடியாது, இலங்கையில் அந்தக் காலத்திலேயே இவற்றைப் பார்த்து உள்ளூரில் அடித்த காசுகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. ஆனால் கொண்டுபோக முடியாது. 100 வருஷத்துக்கு மேற்பட்ட காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், தனியார் ஏற்றுமதி செய்யத் தடை. போதாததற்கு, மண்ணில் புதைந்து கிடைத்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. அவர் தெரிவித்தாரா என்று கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார்.