ஒரே புராஸ்டேட்டில் மூன்று விதமான கிளீசன் எண்: லேப் தவறா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். அப்பாவுக்கு 68 வயது, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரத்தத்தில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம்) கூடுதலாக இருந்ததால் புராஸ்டேட் பயாப்ஸி எடுத்தார்கள். 12 துண்டுகளில் நாலில் புற்றுநோய். இரண்டில் 3+3, ஒன்றில் 3+4, இன்னொன்றில் 4+3 என்று கிளீசன் எண் (புற்றுநோயின் தீவிரத்தைக் காட்டும் எண்) போட்டு ரிப்போர்ட். ஒரே ஆளுக்கு எப்படி வேறு வேறு எண் வரும்? வேறு லேபில் திரும்ப எடுக்கலாமா? மரபணுவின் குறிகளை மாற்றிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருகிற மாத்திரையைக் கொடுக்கலாமா?

பதில்: அப்பாவுக்குத் திரும்ப ஊசி குத்த வேண்டியதில்லை. இப்படி ரிப்போர்ட் வருவது வழக்கம்தான். பெரும்பாலோருக்கு புராஸ்டேட் புற்றுநோய் சுரப்பியின் ஒரே இடத்தில் இருப்பதில்லை. தனித்தனியாகத் தொடங்கிய பல புள்ளிகளாக இருக்கும்.

பயாப்ஸி துண்டு நூல் மாதிரி மெல்லியது, நீளம் ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கலாம். சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், 3 என்று எண் போட்ட இடத்தில் சின்னச் சின்ன வட்டச் சுரப்பிகள் ஒன்றையொன்று ஒட்டாமல் நிற்கும். 4 என்ற இடத்தில் அவை ஒன்றோடொன்று கலந்து, சில இடங்களில் சல்லடை போல ஓட்டை ஓட்டையாகத் தெரியும். எது அதிகமோ அதை முதலில் எழுதுவார்கள். 3+4, 4+3 இரண்டுக்கும் கூட்டுத்தொகை 7தான் என்றாலும், 4+3 கூடுதல் ஆபத்து. சிகிச்சையை முடிவு செய்யும்போது பொதுவாக மிக மோசமான துண்டைத்தான் கணக்கில் எடுப்பார்கள். எனவே இரண்டு 3+3 இருக்கிறதே என்று ஆறுதல்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள்.

செல்லுக்குச் செல் நடத்தை மாற டி.என்.ஏ. எழுத்துப் பிழைகள் ஒரு காரணம். எழுத்து அப்படியே இருக்க, அதன்மேல் ஒட்டும் மீத்தைல் என்ற ரசாயனக் குறிகளும், டி.என்.ஏ. இழை எவற்றின்மேல் சுற்றியிருக்கிறதோ அந்த ஹிஸ்டோன் புரதங்களின் மாற்றங்களும் இன்னொரு காரணம். எபிஜெனிடிக்ஸ் என்பது இதைத்தான். ஹவுசிங் போர்டு குடியிருப்பில் எல்லா வீட்டுக்கும் ஒரே வயரிங், எந்த வீட்டில் எந்த லைட் எரிகிறது என்பதுதான் வேறு, கட்டிக்குள்ளும் அப்படித்தான். சில குறிகள் எல்லாச் செல்களுக்கும் பொது. நச்சுப்பொருள்களை முறிக்க உதவும் ஜி.எஸ்.டி.பி.1 என்ற ஜீனை மீத்தைல் குறி அணைத்துவைத்திருப்பதை 90 சதவீதத்துக்கும் அதிகமான புராஸ்டேட் புற்றுநோய்களில் காணலாம். 1994 முதலே இது தெரிந்த விஷயம். மற்ற குறிகள் செல்லுக்குச் செல் வேறுபடும்.

இந்த வேறுபாட்டை நோயாளி வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டியது ஹார்மோன் சிகிச்சை நடக்கும் காலத்துக்காக. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை ஊசி போட்டுக் குறைத்தால் அதை நம்பி வாழும் செல்கள் அடங்கும், பி.எஸ்.ஏ.வும் இறங்கும். ஆனால் நீண்ட காலம் இந்த ஊசி போட்ட சிலருக்கு, ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியையே அணைத்துவிட்டு வேறு குணத்துக்கு மாறிய செல்கள் தலைதூக்கும். அவை பி.எஸ்.ஏ.வை அதிகம் சுரப்பதில்லை. எல்லோருக்கும் இப்படி நடக்காது. ஆனாலும் பி.எஸ்.ஏ. குறைவாக இருக்கும்போதே புதிதாக எலும்பு வலி வந்தாலோ, எடை சரிந்தாலோ, “நம்பர் நல்லாதானே இருக்கு” என்று விடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ஸ்கேனும், தேவைப்பட்டால் புது பயாப்ஸியும் எடுக்க நேரும். கால் மரத்து பலம் குறைந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

சந்தேகம் தீர, இருக்கும் ஸ்லைடுகளையும் பாரஃபின் பிளாக்கையும் (துண்டுகளைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டி) லேபில் எழுதிக் கொடுத்து வாங்கி இன்னொரு பெத்தாலஜிஸ்டிடம் (திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் டாக்டர்) காட்டலாம். ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் யூராலஜி (சிறுநீரகவியல்) பிரிவுக்குப் போனாலும், வேறெங்கு போனாலும் ரிப்போர்ட் தாளோடு இவற்றையும் கொண்டுபோங்கள். பிளாக்கைத் தொலைத்துவிடாதீர்கள், பின்னால் ஜீன் பரிசோதனை தேவைப்பட்டால் அதில்தான் செய்வார்கள். எபிஜெனிடிக் டெஸ்ட் என்று தனியாக இப்போது காசு கட்ட வேண்டாம், அப்பாவின் சிகிச்சை முடிவு அதனால் மாறாது.

மாத்திரை வேண்டாம். புற்றுநோய்ச் செல்லின் குறிகளை மட்டும் தேடிப்போய்த் திருத்தும் மாத்திரை கடையில் இல்லை. தீங்கில்லாதது என்று நம்பிய வைட்டமின் ஈ-யையே சுமார் 35,000 ஆண்களிடம் நடந்த ஆய்வில் சோதித்தபோது, அதைச் சாப்பிட்டவர்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது என்று 2011-இல் தெரியவந்தது.

நீங்கள் கேட்காத ஒன்று: கட்டிக்குள் உண்டான குறிகள் பிள்ளைகளுக்கு வராது. ஆனால் அப்பாவுக்கு இந்த நோய் என்றால் மகனுக்கு வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. அண்ணன் தம்பி யாரானாலும் 45 வயதானதும் பி.எஸ்.ஏ. பார்ப்பதைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள்.