‘உங்கள் குரோம் பழையது’ என்று சொல்வது யார்?

கேள்வி: இணையத்தில் சமையல் குறிப்பு படித்துக்கொண்டிருந்தபோது, ‘உங்கள் குரோம் பழையதாகிவிட்டது, உடனே அப்டேட் செய்யவும்’ என்று ஒரு அறிவிப்பு பக்கத்தையே மறைத்தது. பொத்தானை அழுத்தினேன், ஏதோ ஒரு கோப்பு இறங்கியது. பயத்தில் திறக்கவில்லை. இது அசலா, போலியா?

பதில்: போலி. திறக்காமல் விட்டீர்களே, அதனால் தப்பித்தீர்கள். கோப்பை அழித்துவிட்டு ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிடுங்கள்.

லோகோவையோ எழுத்துப்பிழையையோ வைத்து நான் இதைச் சொல்லவில்லை. இன்றைய போலிகளில் பிழை தேடுவது வீண்வேலை. அறிவிப்பு எந்த இடத்தில் வந்தது என்று பாருங்கள். இணையப் பக்கம் தெரியும் பரப்புக்குள் வருவதெல்லாம் அந்தத் தளம் வரைந்து காட்டும் படம்தான். குரோம் தன் அப்டேட்டைச் சத்தமில்லாமல் தானே இறக்கிக்கொள்ளும். மேலே வலது மூலையில், மூன்று புள்ளி மெனுவின் பக்கத்தில், மூடித் திறக்கும்படி சின்னதாகக் கேட்கும், அவ்வளவுதான். சந்தேகம் வந்தால் அதே மெனுவில் ‘உதவி’, பிறகு ‘கூகுள் குரோம் அறிமுகம்’ என்று போனால் நிலவரம் தெரிந்துவிடும். விண்டோஸுக்கு செட்டிங்ஸில் ‘விண்டோஸ் அப்டேட்’. செல்போன் செயலிகளுக்கு ப்ளே ஸ்டோர்.

ஒரு சிக்கல் உண்டு. அறிவிப்பு அனுப்பலாமா என்று கேட்ட ஒரு தளத்துக்கு எப்போதோ ‘அனுமதி’ என்று அழுத்தியிருந்தால், அது அனுப்பும் செய்தி விண்டோஸின் அறிவிப்பைப் போலவே திரையின் கீழ் மூலையில் வந்து நிற்கும். உற்றுப் பார்த்தால் தளத்தின் முகவரி சிறிய எழுத்தில் இருக்கும். குரோம் செட்டிங்ஸில் அந்த அனுமதியை நீக்கிவிடுங்கள்.

தந்திரம் பழையது. 2017 அக்டோபரில் ரஷ்யாவிலும் உக்ரைனிலும் பரவிய ‘பேட் ராபிட்’ வைரஸ், ஃபிளாஷ் பிளேயர் (இணையப் பக்கங்களில் வீடியோவும் விளையாட்டும் ஓட உதவிய மென்பொருள்) அப்டேட் வேடத்தில்தான் வந்தது. அந்த ஃபிளாஷுக்கே 2020 டிசம்பர் 31 உடன் அதன் நிறுவனமான அடோபி மூடுவிழா நடத்திவிட்டது. இன்று அதற்கு அப்டேட் என்று வந்தால் ஆராயவே வேண்டாம். இப்போதைய புது வேடம் இன்னும் மோசம். விண்டோஸ் விசையோடு ‘ஆர்’, அடுத்து கன்ட்ரோல் ‘வி’, பிறகு என்டர் அழுத்தச் சொல்லும். அந்தப் பக்கம் ஒரு கட்டளையை முன்பே காப்பி செய்து வைத்திருக்கும்; அதை ஒட்டி ஓட்டுவது உங்கள் கை. எந்த அசல் அப்டேட்டும் இப்படிக் கேட்பதில்லை.

கோப்பை ஒருவேளை திறந்திருந்தால், முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் முழு ஸ்கேன் ஓட்டுங்கள். வங்கி, மின்னஞ்சல் பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.