அந்த மான் கணக்கில் சேருமா?

(பெயர் வேண்டாம் என்று வாசகர் கேட்டுக்கொண்டதால் நீக்கியிருக்கிறேன். கடிதத்தைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள அண்ணா,

நீங்கள் வில்வேட்டை பற்றி எழுதியதைப் படித்துத்தான் நானும் வில்லைக் கையில் எடுத்தேன். அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில் கிராண்ட் ரேபிட்ஸ் பக்கம் இருக்கிறேன். எனக்குச் சொந்த நிலம் இல்லை, நிலம் உள்ளவர்களையும் தெரியாது. அதனால் மேனிஸ்டீ தேசியக் காட்டில்தான் வேட்டை. கோடை முழுக்க முற்றத்தில் 30 கெஜம் வரை பழகினேன். ஓக் மரங்கள் இருக்கும் ஒரு மேட்டைக் கண்டுபிடித்து, மரத்தில் தானாகப் படமெடுக்கும் கேமரா கட்டி, ஒரு பெரிய கொம்பன் மானைப் படமும் எடுத்துவிட்டேன். அக்டோபர் முழுக்க அந்த மானுக்காகவே உட்கார்ந்தேன். விடியும் நேரத்தில் யாராவது ஒருவர் என் பரணுக்குக் கீழேயே நடந்துபோவார். ஒருநாள் போனால் 60 கெஜம் தள்ளி இன்னொருவர் பரண் கட்டியிருந்தார். என்னைப் பார்த்து முறைத்தார். கேமராவும் திருடுபோனது.

நவம்பர் தொடக்கத்தில் ஒரு மாலை, அந்த மானே வந்தது. 45 கெஜம். அதற்கு மேல் கிட்ட வராது என்று தோன்றியது. இதை விட்டால் வேறு எவனாவது அடித்துவிடுவான் என்று எய்துவிட்டேன். அம்பில் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது, நாற்றம். இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டே பின்னால் போனேன். படுத்திருந்த மான் எழுந்து ஓடியது. இரவு மழை. அடுத்த இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு டேக் (ஒரு மானை அடிக்க அரசு தரும் அனுமதிச் சீட்டு, அடித்த மானின் மேல் கட்டுவது). மான் கையில் வராவிட்டால் அது கணக்கில் வராது, டிசம்பரில் மறுபடி போ என்கிறார் நண்பர். சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. எனக்கு மனசு ஒப்பவில்லை. பேசாமல் அடுத்த வருடம் ஒரு தனியார் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துவிடலாமா, இல்லை இதையே விட்டுவிடலாமா?

— மிச்சிகனிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

பொதுநிலத்தில் பட்ட எரிச்சலை ஒரு பக்கமாகவும், 45 கெஜத்தில் விட்ட அம்பை இன்னொரு பக்கமாகவும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படுகின்றன. அக்டோபர் முழுக்க யாரும் குறுக்கே வராமல் இருந்திருந்தால் அந்த மாலை அதை எய்திருப்பீர்களா? எய்திருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். "வேறு எவனாவது அடித்துவிடுவான்" என்ற வரியிலேயே காரணம் இருக்கிறது. பொதுநிலத்தில் எரிச்சலை அடக்குவதும் அம்பை அடக்குவதும் ஒரே பழக்கம். ஒன்று போனால் இன்னொன்றும் போய்விடும்.

முதலில் அம்பைப் பார்ப்போம், ஏனென்றால் பலர் இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. கப்பிகள் வைத்த இன்றைய காம்பவுண்ட் வில்லில் வேட்டை அம்பு நொடிக்கு 270 அடி வாக்கில் போகும். 45 கெஜம் என்றால் 135 அடி, அம்பு போய்ச்சேர அரை நொடி. நாண் விடுபடும் சத்தமோ நொடிக்கு 1,100 அடி போகிறது. அது மானின் காதை எட்ட எட்டில் ஒரு பங்கு நொடி போதும். ஆக, சத்தம் கேட்ட பிறகு மானுக்கு மூன்றில் ஒரு பங்கு நொடிக்கும் மேல் கிடைக்கிறது. வெள்ளைவால் மான் திடுக்கிட்டால் பாய்வதற்கு விசை ஏற்றிக்கொள்ள முதலில் கால்களை மடக்கித் தாழும். தாழத் தொடங்கிய ஐந்தில் ஒரு பங்கு நொடியிலேயே உடம்பு ஏறக்குறைய ஒரு சாண் இறங்கிவிடும். நெஞ்சுக்கூட்டில் நாம் குறிவைக்கும் இடமே ஒரு சாண் அகலம்தான். சத்தம் கேட்டுத் திடுக்கிடக்கூட வேண்டாம். மேய்ந்துகொண்டே அது ஓர் எட்டு முன்னால் வைத்தாலும் போதும், நுரையீரலுக்கு விட்ட அம்பு குடலுக்குப் போய்விடும். உங்களுக்கு நடந்தது இதுதான் என்று ஊகிக்கிறேன். உங்கள் கை நடுங்கியிருக்க வேண்டியதே இல்லை.

20 கெஜத்தில் இதே இடைவெளி ஆறில் ஒரு பங்கு நொடிதான். மான் அதிகம் தாழ்வதற்குள் அம்பு உள்ளே போய்விடும். முற்றத்துப் பலகை தாழாது, எட்டு வைக்காது. அதில் 30 கெஜத்தில் எல்லா அம்பையும் அடிப்பவர், காட்டில் 20 அல்லது 25 கெஜத்தோடு நிற்பதுதான் சரி. மான் பக்கவாட்டில் நிற்க வேண்டும், அல்லது கொஞ்சம் விலகிப் பார்த்து நிற்க வேண்டும். நேராக நம்மைப் பார்த்து நிற்கும் மானை எய்யக்கூடாது. காது விறைத்து, தலை தூக்கி, ஏற்கெனவே சந்தேகப்பட்டு நிற்கும் மானை 20 கெஜத்திலும் விட்டுவிடுவதே நல்லது.

இது எனக்கு மட்டும்தான் நடக்கிறதா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி கடிதத்துக்குள் இருக்கிறது. மேரிலாந்தில் இந்தியன் ஹெட் என்ற கடற்படைத் தளத்தில் 1989 முதல் 2006 வரை வில்வேட்டையை விடாமல் பதிவுசெய்தார்கள். அம்பு பட்ட மான்கள் 908. அவற்றில் கிடைக்காமல் போனவை 162, அதாவது 18 சதவீதம். கண்காணிப்போடு நடந்த வேட்டையிலேயே இப்படி. வில்வேட்டையை ஆதரித்துப் பேசுகிறவர்கள் இந்த எண்ணைச் சொல்லத் தயங்குகிறார்கள். எதிர்க்கிறவர்களோ இதை மட்டும்தான் சொல்கிறார்கள். வில்லைத் தூக்குகிற ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொண்டுதான் தூக்க வேண்டும். அப்படி விட்டுப்போனவற்றில் பிழைத்தவையும் இருக்கும். குடலில் பட்டவை பிழைப்பது மிக அரிது.

அடுத்தது தேடல். அம்பில் இளஞ்சிவப்பாக நுரையோடு ரத்தம் இருந்தால் நுரையீரல். இரண்டு நுரையீரலும் போயிருந்தால் மான் பெரும்பாலும் நூறு, நூற்றைம்பது கெஜத்துக்குள் விழுந்திருக்கும். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரல், நாலைந்து மணி நேரமாவது பொறுக்க வேண்டும். பச்சையும் நாற்றமும் என்றால் குடல் அல்லது இரைப்பை. அந்த மாதிரி நேரத்தில் பரணிலிருந்து சத்தமில்லாமல் இறங்கி, வந்த வழியே வண்டிக்குப் போய்விட வேண்டும். எட்டு மணி நேரமாவது, முடிந்தால் பன்னிரண்டு மணி நேரம் விட வேண்டும். துரத்தாவிட்டால் அப்படிப்பட்ட மான் இருநூறு முந்நூறு கெஜத்துக்குள்ளேயே படுத்துவிடும், பெரும்பாலும் அங்கேயே உயிர் போகும். எழுப்பிவிட்டால் எவ்வளவு தூரம் போகும் என்று சொல்லவே முடியாது.

மழை வரப்போகிறதே என்று பயந்துதான் பின்னால் போயிருப்பீர்கள். அந்தப் பயம் எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் குடலில் பட்டால் துளையைக் குடலே அடைத்துக்கொள்வதால் ரத்தம் தரையில் அதிகம் சிந்துவதில்லை. மழை கழுவிக்கொண்டு போவதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது. அந்த இரவில் உங்களுக்கு உதவியிருக்கக்கூடியது ஒரு மோப்ப நாய். மிச்சிகனில் காயம்பட்ட மானைக் கயிற்றில் கட்டிய நாயை வைத்துத் தேட அனுமதி உண்டு. இதற்காகவே நாய் பழக்கி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல நாய் மழைக்குப் பிறகும் தடம் பிடிக்கும்.

சரி, பொதுநிலத்துக்கு வருகிறேன்.

உங்கள் பரணுக்குக் கீழே நடந்துபோனவர் எந்தத் தவறும் செய்யவில்லை. கேட்கக் கசப்பாகத்தான் இருக்கும். மிச்சிகனில் பொதுநிலத்தில் வைக்கும் பரணில் வைத்தவரின் அடையாளம் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அப்படி இருந்தாலும் அந்த இடத்தின் மேல் அவருக்குத் தனி உரிமை வந்துவிடாது. கீழே நடந்துபோனவரும் உங்களைப் போலவே மூன்று மணிக்கு எழுந்து, லீவு போட்டு வந்தவராக இருக்கலாம். 60 கெஜத்தில் பரண் கட்டியது மட்டும் நாகரிகம் இல்லை. காட்டில் யார் முதலில் வந்தாரோ அவருக்கு அன்று இடம் விடுவது எழுதாத வழக்கம், அதை அவர் மீறியிருக்கிறார். கேமராவை எடுத்தவர் திருடர், அதில் இரண்டாவது பேச்சு இல்லை.

ஆனால் அந்தக் கேமரா உங்களுக்குச் செய்த கெடுதல் அது திருடுபோனதில் மட்டும் இல்லை என்பது என் எண்ணம். படம் கிடைத்த நாளிலிருந்தே அந்தக் கொம்பன் உங்கள் மானாகிவிட்டது. அப்புறம் அங்கே வந்த ஒவ்வொருவரும் உங்கள் பொருளை எடுக்க வந்தவர்களாகத் தெரிந்திருக்கிறார்கள். அரிசோனா 2022 முதல் வேட்டைக்கு இந்தக் கேமராக்களைப் பயன்படுத்துவதையே தடைசெய்துவிட்டது. மான் தப்புவதற்கு நியாயமான வாய்ப்பு இருக்க வேண்டும் என்பது அங்கே பேசப்பட்ட வாதம். நான் அந்தத் தடையை ஆதரிக்கிறேன். மானைவிட வேட்டைக்காரரின் மனத்துக்கு அது அதிகம் நல்லது.

காட்டு மான் யாருடைய சொத்தும் இல்லை, அரசு மக்களுக்காகப் பாதுகாத்து வைத்திருக்கும் பொதுச்சொத்து என்பது அமெரிக்காவில் அடிப்படை. 1900 வாக்கில் சந்தைக்காகச் சுட்டுச் சுட்டு, நாடு முழுவதும் ஐந்து லட்சம் அளவுக்குக்கூட வெள்ளைவால் மான் மிஞ்சவில்லை. இன்று ஏறத்தாழ மூன்று கோடி. காட்டு மான் இறைச்சி விற்பனைக்கு வந்த தடையும், 1937-இல் துப்பாக்கி, தோட்டாக்கள் மேல் போட்ட வரியை மாநிலங்களின் வனவிலங்குத் துறைகளுக்குக் கொடுத்ததும் அதற்கு முக்கியக் காரணங்கள். வில்லும் அம்பும் அந்த வரிக்குள் வந்தது 1972-இல் இயற்றிய சட்டத்தால். உங்கள் வில்லின் விலையிலும் அது சேர்ந்திருக்கிறது. உங்களை முறைத்தவரும் அதே வரியைக் கட்டியவர்தான்.

(மானைக் கொல்வதே சரியா என்று ஊரிலிருந்து சிலர் எழுதுவார்கள். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது சரியானது, அங்கே நிலைமை அப்படி. மிச்சிகனில் மட்டும் ஆண்டுக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேல் வண்டிகள் மானோடு மோதுகின்றன. மாநிலத்தின் தெற்குப் பாதியில் ஓநாய்க் கூட்டங்கள் இல்லை. இங்கே மானைக் குறைக்கத்தான் வேண்டும்.)

முறைத்ததைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் நிறத்தில் ஒருவரைக் காட்டில் பார்த்தால் இன்னும் சிலர் முறைக்கத்தான் செய்கிறார்கள். 2004 நவம்பரில் பக்கத்து விஸ்கான்சினில் ஹ்மாங் என்ற தென்கிழக்காசிய இனத்தைச் சேர்ந்த ஒரு வேட்டைக்காரர் தனியார் நிலத்தில் இன்னொருவரின் பரணில் ஏறி உட்கார்ந்திருந்தார். அதில் தொடங்கிய தகராறில் அவர் சுட்டு ஆறு பேர் செத்தார்கள். இனத்தைச் சொல்லித் திட்டினார்கள் என்று அவர் வழக்கில் சொன்னார். அதனால் உங்களை மன்றாடிக் கேட்கிறேன், காட்டில் இடத்துக்காக யாரோடும் வாக்குவாதம் வேண்டாம். அங்கே எல்லோர் கையிலும் ஆயுதம் இருக்கிறது. கை காட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். இரண்டாவதாக ஓர் இடம், மூன்றாவதாக ஓர் இடம் முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தால் நகர்வது அவ்வளவு வலிக்காது. ஓக் மேடு வரைபடத்தில் எல்லோருக்கும்தான் தெரிகிறது. ஆட்கள் வண்டியை விட்டு எந்தப் பக்கம் நடக்கிறார்கள் என்று பாருங்கள். அவர்கள் நடக்க நடக்க மான் எங்கே ஒதுங்குகிறது என்று சதுப்பின் ஓரங்களிலும் அடர்ந்த புதர்களிலும் தேடுங்கள். புழுக்கையும் படுத்த தடமும் அங்கே இருக்கும். செவ்வாய், புதன் கிழமைகளில் காடு பாதி காலியாக இருக்கும்.

குத்தகை நிலம் எடுப்பதை நான் தடுக்கவில்லை. அங்கே யாரும் கீழே நடக்க மாட்டார்கள். ஆனால் பணம் கொடுத்தாயிற்று, பருவம் முடியப்போகிறது, இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை என்ற நெருக்கடி வரும், அதுவும் அதே 45 கெஜத்துக்குத்தான் கொண்டுபோய் விடும். வேட்டையை விடவும் வேண்டாம். மனசு ஒப்பவில்லை என்று எழுதுகிறவர்கள் விட்டுவிட்டுப் போனால் காட்டில் யார் மிஞ்சுவார்கள்?

இனி டேக். உங்கள் நண்பர் சொல்லும் சட்டம் சரிதான். கிடைக்காத மானுக்கு டேக் கட்டச் சொல்லி விதி இல்லை. ஆனால் குடலில் பட்ட அந்த மான் செத்துவிட்டது, அதைக் கொன்றது நீங்கள். இந்த ஆண்டு உங்களுக்கு உரிமைப்பட்டது ஒரு மான், அது முடிந்தது. டேக்கை அப்படியே வைத்துவிடுங்கள். யாரும் கேட்கப்போவதில்லை, நீங்களும் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

டிசம்பரில் வில் இல்லாமல் காட்டுக்குப் போங்கள். பனி விழுந்த மறுநாள் தடங்கள் தெளிவாகத் தெரியும். துப்பாக்கிப் பருவம் முடிந்து மிஞ்சிய மான்கள் எங்கே போய் ஒதுங்கியிருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த அக்டோபருக்கு முன்னால் உங்கள் பக்கத்தில் மோப்ப நாய் வைத்திருப்பவர்கள் இரண்டு பேரின் எண்ணை வாங்கி போனில் போட்டு வையுங்கள். நள்ளிரவில் கூப்பிட்டாலும் வருவார்களா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
அண்ணன்